தார்ப்பாயின் இடது மூலை

கார்வர் லேண்டிங், அயோவா
ஆகஸ்ட் 20

அன்புள்ள மிலா அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். பிரித்துச் சொன்னால், அம்மா நலம், நான் அளவுக்கு மீறிய நலம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. மழை வரப்போவதை அது வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. "எமில், அந்த முழங்காலை டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணிட்டா உன்ன வேலைய விட்டுத் தூக்கிருவேன்" என்கிறார் டெக்கர் சார். மொன்டானாவில் நீ நலமா? உன் மீன் வேடத்துக்குள் இன்னும் அப்படித்தான் புழுங்குகிறதா? டிக்கெட் விற்க எடுத்த ஆளை மீனாக்கி மைதானத்தைச் சுற்றி ஓட விடுகிற அணி உலகத்தில் உன் ட்ரவுட் மீன் அணி ஒன்றுதான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கொக்கு பேஸ்பால் அணியில் உதவிப் பொது மேலாளர் ப்ரூயிட் வேலையை விட்டுவிட்டார். நீச்சல் குளம் கட்டும் கம்பெனிக்குப் போகிறாராம். இத்தனை வருஷம் தண்ணீர் தேங்கக் கூடாது என்று கத்தியவர், இனிமேல் தண்ணீர் தேங்கவில்லை என்றால் கத்துவார்.

அந்த நாற்காலி காலி. உதவிப் பொது மேலாளர் என்ற பெயரைக் கொஞ்சம் பார். உதவி இருக்கிறது, பொது இருக்கிறது, மேல்கூட இருக்கிறது. சம்பளத்தைத்தான் காணவில்லை. ஆனால் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

தேர்வு உனக்குத் தூசு. டெக்கர் சார் எப்படி ஆள் எடுப்பார் என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது. முழங்கால் மழை சொல்கிற நாளாகப் பார்த்து வரச்சொல்வார். பேச்சு நடக்கும்போது, மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் அப்பா மழை மணியை அடிப்பார். மணி அடித்தால் டிக்கெட் கிழிப்பவர் முதல் டெக்கர் சார் வரை போட்டது போட்டபடி ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து ஆடுகளத்தை மூட வேண்டும். வேலை கேட்டு வந்தவரும் கூடவே ஓடினால் வேலை அவருக்கு. "என்ன சத்தம்?" என்று உட்கார்ந்தபடி கேட்டால் அடுத்த சத்தம் பேருந்துச் சத்தம். ஊரெல்லாம் பாய் விரித்தால் படுக்கும், நம் வீடு மட்டும் பாய் விரித்தால் ஓடும். அதில் பிறந்தவள் நீ.

இடது மூலைக் கைப்பிடி எப்போதும் உன்னுடையது. பக்கத்தில் நான். காற்று பாய்க்குள் புகுந்து தூக்கும்போது "லிபி, விடாதே!" என்று கத்துவாய். நீ போனதிலிருந்து அந்த மூலையைப் பாப்கார்ன் கடை ஆல்வின் பிடிக்கிறான். அவன் கத்துவதேயில்லை. காற்று வந்தால் பேசாமல் விட்டுவிடுகிறான்.

விண்ணப்பம் போடு. எந்தக் கொக்கும் ஒரு மீனை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

உன் தங்கை,
லிபி

—

சில்வர் ஃபோர்க், மொன்டானா
ஆகஸ்ட் 31

அன்புள்ள லிபிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். மீனுக்குள் புழுக்கம் குறையவில்லை. வாய் வழியாகத்தான் காற்று, வாய் வழியாகத்தான் பார்வை, சின்னப் பிள்ளைகள் வாய் வழியாகத்தான் பாப்கார்ன் எறிகிறார்கள். அப்பாவை முழங்காலுக்குத் துணி சுற்றச் சொல். அம்மா செய்யும் கசகசா கொலாச்சி ரொட்டியைக் கனவில் சாப்பிட்டேன். விழித்தபோது தலையணை ஈரம்.

நேற்று ஒரு வேடிக்கை. ஆட்டம் பார்க்கும்போது எந்தப் பையனுக்கு ஏழாவது இன்னிங்ஸில் கை தாழ்கிறது, எவன் பந்து வீசுமுன் உதட்டைக் கடித்துக் காட்டிக்கொடுக்கிறான் என்று பாப்கார்ன் பையின் பின்னால் கிறுக்கி வைப்பேன், உனக்குத் தெரியும். அரிசோனாவில் இருக்கும் பெரிய அணி ஒன்றிலிருந்து ஆள் பார்க்க வந்த காஸ்டானோ என்பவர் அந்தப் பையை எடுத்துப் படித்துவிட்டு, "இது யாரு எழுதினது?" என்று கேட்டார். நான் இடுப்புவரை மீன். "மீன்தான் சார்" என்றேன். சிரிக்கவில்லை. பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொக்கு வேலை பற்றி எழுதியிருந்தாய். சீசன் முடிகிற நேரம், விண்ணப்பம் எழுத உட்கார நேரமில்லை. பிறகு பார்க்கலாம். குறும்பைக் குறைத்துக்கொள்.

அன்புடன்,
மிலா

—

கார்வர் லேண்டிங்
செப்டம்பர் 12

அன்பும் பொறுமையும் மன்னிக்கும் குணமும் உள்ள அக்காவுக்கு,

மேற்படி விளிப்பிலிருந்தே ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகித்திருப்பாய். இங்கே எல்லாரும் நலம். நீ உட்கார்ந்து படிக்கிறாயா? உட்கார்.

உனக்கு விண்ணப்பம் எழுத நேரமில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் தவிர வேறு வேலையில்லை. ஆகவே நானே எழுதிவிட்டேன். உன் தட்டச்சு இயந்திரத்தில், உன் கையெழுத்தோடு. அதை நான் நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டையிலிருந்தே போட்டுப் பழகியிருக்கிறேன். "தண்ணீரிலும் நிலத்திலும் பணியாற்றிய அனுபவம் உண்டு" என்று சேர்த்தேன். மீனுக்கு அதுதானே தகுதி.

டெக்கர் சார் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது நான்.

"மிலா இருக்காளா?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மிலாதான் சார் பேசுறேன். நேத்துதான் வந்தேன். சளி" என்றேன்.

"அடடே! அக்டோபர் பத்தாம் தேதி பக்கமா வந்து பாரும்மா. உங்கப்பன் முழங்காலக் கேட்டு சரியான நாள் சொல்றேன்."

"சரிங்க சார்."

"சளிக்கு மிளகு போட்ட சூப்பு குடி, லிபி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கப் போனேன், கொக்கு வெண்ணெயையும் தின்றுவிட்டு என் பெயரையும் சொல்லிவிட்டது. ஆனாலும் அக்கா, கண்டுபிடித்தவர் கோபப்படவில்லை. வரச்சொல்லிவிட்டார்!

உன் பழைய அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அப்பா கேட்டார். நானாகவே மஞ்சள் என்றேன். நீ வராவிட்டால் அந்த மஞ்சளை நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது கண்ணுக்குக் கெடுதல்.

உன் கையெழுத்துக்காரி,
லிபி

—

சில்வர் ஃபோர்க்
செப்டம்பர் 23

லிபிக்கு,

நலம். குட்டிப் பிசாசே, உன் காது என் கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது உன் அதிர்ஷ்டம்.

வருகிறேன். டெக்கர் சாரிடம் நானே பேசிவிட்டேன், மூக்கைப் பிடிக்காமல். அவர் இன்னும் மழை மணி வைத்துத்தான் ஆள் எடுக்கிறாரா? மணி அடிப்பது அப்பாதானே?

வரும்போது ஒரு சமாசாரம் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதினால் சரியாக வராது. நேரில் சொல்கிறேன்.

அறைக்கு வண்ணம் அடிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

மிலா

—

கார்வர் லேண்டிங்
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். பேருந்தில் குளிரவில்லையே? அம்மா கொடுத்த கொலாச்சிப் பெட்டியை இருக்கைக்கடியில் விட்டுவிடவில்லையே?

நேரில் சொல்கிறேன் என்ற சமாசாரத்தை நீ சொல்லவேயில்லை. வந்த அன்று வாசலில் நான் கட்டியிருந்த "மீனே வருக" பலகையைப் பார்த்துச் சிரித்தாய். அப்பா மஞ்சள் ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதற்கப்புறம் நீ நிறையச் சாப்பிட்டாய், குறையப் பேசினாய்.

சனிக்கிழமை நீ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தாய். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. சொல்கிறேன்.

நான் சொன்னபடி பள்ளித் தோழி வீட்டுக்குப் போகவில்லை. வேர்க்கடலைக் கடைப் பலகைக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்து டெக்கர் சார் அறையின் ஜன்னல் நேராகத் தெரியும். புதுப்புல் பதித்திருந்ததால் பாய் இன்னும் வெளியேதான் கிடந்தது. காலையிலிருந்தே அப்பா நொண்டினார். நடக்கும்போது சீட்டியும் அடித்தார். வலியில் சீட்டியடித்து அவரை நான் பார்த்ததில்லை.

முதல் துளி விழுந்ததும் அவர் மணிக் கயிற்றைப் பிடித்தார். உடனே அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதி, திரும்பப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அடித்தார், அக்கா. அவ்வளவு பலமாக அந்த மணி இதுவரை அடித்ததில்லை. கூரைப் புறாவெல்லாம் பறந்துவிட்டது.

டெக்கர் சார் காபிக் கோப்பையோடு ஓடிவந்தார். டிக்கெட் அறை ஹோல்கம் அம்மா பின்னல் ஊசியோடு வந்தார். வராந்தாவில் தன் முறைக்குக் காத்திருந்த சிகாகோக்காரர், பளபளா ஷூவும் சிவப்பு டையுமாக, எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தார். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தாராம்! பாயைப் பார்த்து, "இதப் போட்டு அணைக்கணுமா?" என்று கத்தினார். இரண்டடி வைத்ததும் சேற்றில் குப்புற விழுந்தார். ஆனால் கைப்பிடியை விடவில்லை.

இடது மூலையில் யாருமில்லை. ஆல்வினைக்கூட அப்பா வேறு பக்கம் அனுப்பிவிட்டார். அப்பா அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

நீ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். மடியில் கைப்பை. அதன் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாய், காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல.

நான் பலகையைத் தாண்டிக் குதித்து அந்த மூலைக்கு ஓடினேன். பாய் என்னையும் சேர்த்துத் தூக்கியது. யாரும் "விடாதே" என்று கத்தவில்லை. விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து டெக்கர் சார் கேட்டார், "என்னய்யா எமில், உன் பொண்ணு ஏன் ஓடியாரல?"

அப்பா சேற்றைத் துடைத்துக்கொண்டே, "புது செருப்பு சார், கால்ல கடிச்சிருக்கும்" என்றார்.

உன் செருப்பு பழசு. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

வேலை சிகாகோக்காரருக்குப் போய்விட்டது. பெயர் விண்டஸ். தீக்குப் பயந்து ஓடியவருக்கு மழையில் வேலை. வேறு நாளாக இருந்தால் இதை நினைத்து ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

மணிச்சத்தம் உனக்குக் கேட்கவில்லையா, அக்கா? அதை மட்டும் எழுது.

லிபி

—

[அஞ்சலட்டை, முன்பக்கம் ஒரு கள்ளிச்செடி]
நவம்பர் 2

லிபிக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலம்தானே. இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. கொலாச்சியை வழியிலேயே தீர்த்துவிட்டேன். கடையில் இந்த அட்டைதான் இருந்தது. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

மிலா

—

கார்வர் லேண்டிங்
நவம்பர் 19

அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

நவம்பரில் மொன்டானாவில் வெயில் நன்றாக இருக்கிறது. கள்ளிச்செடியும் முளைக்கிறது. தபால் முத்திரையில்கூட மொன்டானாவை "செரோ ப்ளாங்கோ, அரிசோனா" என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பூகோளப் பாடத்தில் நான் மோசம்தான். ஆனாலும் இவ்வளவு மோசமில்லை.

அட்டையை அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்கெல்லாம் மழையே பெய்யாதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் களையெடுக்கும் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். இந்த மாதத்தில் ஏது களை?

கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே அனுப்புகிறேன். மீன் எங்கே நீந்தினாலும் யாராவது கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

லிபி

—

செரோ ப்ளாங்கோ அணி அலுவலகத்துக்காக, ஒரு ஓட்டலிலிருந்து
டிசம்பர் 8

அன்புள்ள லிபிக்கு,

உன் கடிதம் இரண்டு மாநிலம் சுற்றி வந்து சேர்ந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இருமல் வந்தால் அலட்சியம் செய்யவேண்டாம்.

எல்லா அணிகளும் குளிர்காலத்தில் கூடுகிற பெரிய ஓட்டலில் இருக்கிறேன். பேஸ்பாலில் ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்று நாடு முழுவதிலிருந்தும் பையன்கள் வந்து குவிந்திருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நீலக் கோட்டு. ஒரே அறையில் அடைந்து தூங்கிவிட்டு, கீழே பொதுக் கழிப்பறையில் சவரம் செய்துகொள்கிறார்கள். சுவரில் பெரிய பலகை. எந்த அணி யாரைக் கூப்பிடுகிறது என்று அதில் பெயர் ஒட்டுவார்கள். ஒட்டும்போதெல்லாம் கூட்டம் ஓடி வருகிறது. இல்லாத பெயரைக் கீழிருந்து மேலே இன்னொரு தடவை தேடுகிறார்கள்.

ஒருவன் என்னிடம் வந்து, "மேடம், காபி இன்னொரு ஜாடி கொண்டு வர்றீங்களா?" என்றான். ஜாடி இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவன் குடித்து முடித்ததும் அவன் பெயரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னேன். பாவம், காபியெல்லாம் டையில்.

ஆமாம் லிபி. பெயர் ஒட்டுவது நான். மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன்.

காஸ்டானோ செப்டம்பரிலேயே எழுதிவிட்டார். எந்தப் பையனை எடுப்பது, எவனை விடுவது என்று பேசுகிற அறையில் ஒரு நாற்காலி. டிக்கெட் இல்லை, மீன் இல்லை. நான் சரி என்று பதில் போட்டது உங்களைப் பார்க்க வருவதற்கு முன்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். வாசலில் உன் பலகை. அப்பா கையில் மஞ்சள். வாய் எழவில்லை.

மணி கேட்டது. கேட்காமல் இருக்குமா? கால் தானாகத் தரையை உந்தியது. அதனால்தான் பையைப் பிடித்துக்கொண்டேன். ஓடியிருந்தால் டெக்கர் சார் அங்கேயே கை கொடுத்திருப்பார். சேறும் சிரிப்புமாக நீயும் அப்பாவும் நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. கொக்கு அலுவலகத்தில் பெண்கள் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டே கிழவியாகியிருப்பேன். வேலை கிடைக்காமல் போனால் நீங்கள் என்னைத் தேற்றுவீர்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இன்று ஒரு பையனிடம் வழக்கமான கேள்வி கேட்டேன். "உங்க ஊர்ல டீம் இருக்கா?"

"இருக்கு மேடம். அங்கயே எடுத்துக்கிட்டாங்கன்னா இன்னைக்கே பஸ் ஏறிருவேன்" என்றான்.

அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு மறந்துபோய்விட்டது.

அப்பாவிடம் நீயே சொல்லாதே. தனியாக எழுதுகிறேன்.

மிலா

—

கார்வர் லேண்டிங்
டிசம்பர் 18

செல்வி யர்மிலா ஹ்ரூபி அவர்களுக்கு,

தாங்கள் நலமாயிருப்பதை அறிந்தோம். அது குறித்து அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

"அக்கா" பதவியில் தொடர விரும்பித் தாங்கள் அனுப்பிய கடிதத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தோம். தங்கள் தகுதிகளும் அனுபவமும் போற்றத்தக்கவை. எனினும் மேற்படி பதவிக்கு நேரில் வந்து, மணி அடித்தால் ஓடும் ஆட்களையே எதிர்பார்க்கிறோம் என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். தங்கள் விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்திருப்போம்.

எல்லா முயற்சிகளிலும் வெற்றி பெற வாழ்த்துகள்.

இப்படிக்கு,
லி. ஹ்ரூபி
தங்கைப் பிரிவு

—

கார்வர் லேண்டிங்
ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா?

டிசம்பரில் போட்ட கடிதத்துக்கு நீ கோபத்தோடு பதில் எழுதுவாய் என்று எதிர்பார்த்து ஒரு நல்ல பதிலையும் தயாராக வைத்திருந்தேன். நீ எழுதவில்லை. அந்தப் பதில் வீணாய்ப் போனது. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கள்ளிச்செடிக்கு உன் பெயரையே வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றாமலே இருக்கிறது, கடிதம் எழுதாமலே நீ இருப்பது போல. உன் அறை ஜன்னலில் வைத்தேன். மஞ்சளுக்குப் பச்சை பொருத்தமாகத்தான் இருக்கிறது. யாருக்காவது தெரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

சீசன் ஆரம்பித்துவிட்டது. விண்டஸ் நல்லவர். கோட்டுக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டே வேலைக்கு வருகிறார். பள்ளிப் பிள்ளைகள் மணியைத் தொட்டாலும் ஓடிவிடுகிறார். மணியைத் தொட்டது எந்தப் பள்ளிப் பிள்ளை என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் ஆட்டத்தன்று நல்ல மழை. இடது மூலையை இந்தத் தடவை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பாயைச் சுருட்டும்போது அப்பாவும் நானும் மட்டும்தான்.

"அக்கா ஓடலன்னு உங்களுக்கு வருத்தமா இல்லையாப்பா?"

அவர் பாயைக் காலால் தள்ளிக்கொண்டே போனார்.

"எனக்கும் ஒரு காலத்துல ஒமாஹாலேருந்து கூப்பிட்டாங்க. பெரிய மைதானம்" என்றார்.

"ஏன் போகல?"

"போறதா சொல்லத்தான் டெக்கர் ரூமுக்குப் போனேன். பேசிட்டிருக்கும்போது மழை வந்துருச்சு." கொஞ்சம் தள்ளினார். "எனக்கு மணி அடிச்சா உக்காரத் தெரியாதுடி."

அவ்வளவுதான் சொன்னார். உனக்குச் சொல்லச் சொன்னாரா என்று கேட்காதே. சொல்லாதே என்று சொல்லவில்லை.

தங்கைப் பிரிவு தன் முந்தைய முடிவை மறுபரிசீலனை செய்துகொண்டிருக்கிறது. அவசரமில்லை. ஆனால் அந்தப் பிரிவில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். அவள் தபால்பெட்டியைத் திறந்து திறந்து கீல் தளர்ந்துவிட்டது.

லிபி

—

செரோ ப்ளாங்கோ, அரிசோனா
ஜூலை 22

என் லிபிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கேட்டால் வேலை என்றுதான் சொல்வேன். நீ நம்ப மாட்டாய். ஏப்ரல் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பில் கிழிந்துவிட்டது. எந்தப் பதில் எழுதினாலும் அப்பா சொன்னதற்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி வரவில்லை.

இங்கே வேலை நன்றாக இருக்கிறது. நான் சொன்ன ஒரு பையனை எடுத்திருக்கிறார்கள். அறையில் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் பேசினால் காத்திருக்கிறார்கள். பொய்யில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் நேற்று என்ன நடந்தது கேள்.

மழையே பெய்யாத ஊர் என்று அப்பா சொன்னாரல்லவா? ஜூலையில் பெய்கிறது. மதியம் எங்கள் பெரிய மேலாளர் அறையில் கூட்டம். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். பாலைவனத்துப் பக்கமிருந்து தூசி எழும்பி வந்தது. அப்புறம் ஈரமண் வாசனை. ஜன்னல் கண்ணாடியில் ஒரு துளி.

இங்கே மணி கிடையாது. அலுவலக ஆட்கள் பாயைத் தொடுவதும் கிடையாது. அதற்குத் தனி ஆட்கள்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டேனாம். படி இறங்கி, வேலிக் கதவைத் தாண்டி, அலுவலக ஷூவோடு மைதானத்தில் நிற்கிறேன். பாய் எப்போதும் சுருண்டே கிடந்து விறைத்துப் போயிருக்கிறது. அந்தப் பையன்கள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கிறார்கள். நான் இடது மூலைக்குப் போய்ப் பிடித்தேன். காற்று உள்ளே புகுந்து தூக்கியது.

"லிபி, விடாதே!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்திலிருந்த பையன் பயந்துபோய், "என் பேரு ஹெக்டர், மேடம்" என்றான்.

"யாரா இருந்தாலும் விடாதே!" என்றேன்.

மூடி முடித்துவிட்டு நனைந்தபடி நின்றேன். மேலே ஜன்னலில் கோட்டும் டையுமாக எல்லாரும் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

அன்று மூலையில் உன்னைத் தனியாக விட்டேன் இல்லையா.

மிலா

—

கார்வர் லேண்டிங்
ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உனக்குச் சளி பிடிக்கவில்லையே? மிளகு போட்ட சூப்பு குடி. டெக்கர் சார் சொன்ன வைத்தியம்.

தங்கைப் பிரிவு கூடி, தன் டிசம்பர் முடிவை ஒருமனதாக ரத்து செய்துவிட்டது. கோப்பு மூடப்பட்டது. ஹெக்டருக்கு என் அனுதாபங்கள். என் பெயரில் திட்டு வாங்குவது எவ்வளவு சிரமம் என்று இங்கே பலருக்கும் தெரியும்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு மைதானத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். மணிக் கயிறு நைந்துவிட்டது என்று புதுசு கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவேயில்லை. "லிபி, விடாதே" என்ற இடம் வந்ததும் கை நின்றது. நான் படித்து முடித்தேன். அவர் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார், திரும்பப் போட்டார்.

"எந்த மூலைன்னு சொன்னே?"

"இடது மூலைப்பா."

"ம்." இன்னொரு முடிச்சு. "காத்து எங்கேருந்து அடிச்சுதாம்?"

"அதெல்லாம் எழுதல."

"கேளு. வெறச்ச பாயின்னா காத்துக்கு முதுகு காட்டித்தான் இழுக்கணும். கையக் கிழிச்சுக்கிட்டாளோ என்னவோ."

கேட்கிறேன். காற்று எங்கிருந்து அடித்தது? கையைக் கிழித்துக்கொண்டாயா? அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் புதுக் கயிற்றைச் சோதிக்க வேண்டும் என்று, துளி மேகமில்லாத வானத்தின் கீழே, மணியை ஒரே ஒரு தடவை அடித்தார். விண்டஸ் பூட்ஸோடு ஓடிவந்து வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மஞ்சள் அறையில் இப்போது நான் தூங்குகிறேன். கள்ளி ஜன்னலில் இருக்கிறது. நீ வந்தால் எங்கள் இருவரையும் நகர்த்திக்கொள்ளலாம், இருவருமே அதிக இடம் பிடிக்க மாட்டோம்.

பதில் போடு. தபால்காரர் வரும்போது இங்கே யாரும் மணி அடிப்பதில்லை. நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் பக்கத்துக் கைப்பிடி,
லிபி